உத்திர காவிரியும் ஜவ்வாது மலையின் நீர்வழிகளும்

பாலாற்றைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அதன் மணற்படுகையைப் பற்றியதாகவோ, கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் அதன் குறுக்கே எழுந்த தடுப்புகளைப் பற்றியதாகவோ இருக்க, வேலூர் வட்டாரத்தில் அந்த ஆற்றுக்கு நீர் கொண்டுவந்து சேர்க்கும் மலையாறுகள் துணையாறுகளின் பட்டியலில் வெறும் பெயர்களாகவே நின்றுவிட்டன. அத்தகைய ஆறுகளுள் ஒன்று, ஜவ்வாது மலையில் பிறந்து வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு வட்டம் வழியே வடக்கு நோக்கி இறங்கிப் பாலாற்றில் கலக்கும் அகரம் ஆறு. ஒடுகத்தூர்ப் பக்கத்து மக்கள் அதை உத்திர காவிரி என்றே அழைக்கிறார்கள். தமிழ்நாட்டின் வடகோடி மலைத்தொடர்களில் ஒன்றிலிருந்து வரும் இந்தச் சிற்றாற்றின் நிலவியலை ஆராய்வது, வேலூர்ப் பாலாறு உண்மையில் எந்த நீரால் ஆனது என்ற பெரிய கேள்விக்கு விடை தேடும் வழியாகவும் அமைகிறது.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. தொடர்ச்சி என்று பெயர் பெற்றிருந்தாலும் கிழக்கு மலைகள் மேற்கு மலைகளைப் போல ஒரே சுவராக நிற்பவை அல்ல. ஆறுகளால் அறுக்கப்பட்டுத் தனித்தனித் திட்டுகளாகக் கிடப்பவை. ஏலகிரி, ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், கொல்லி என்று வடக்கிலிருந்து தெற்காக எண்ணப்படும் அத்திட்டுகளில் ஜவ்வாது பரப்பால் பெரியது. ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு 32 கிலோமீட்டர் என்ற அளவில் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரவியிருக்கிறது. மலையின் மேற்பரப்பு கூர்முகடாக இல்லாமல், கடல் மட்டத்திலிருந்து 700 முதல் 900 மீட்டர் உயரத்தில் அலையலையான மேட்டுநிலமாக விரிந்து, ஆங்காங்கே 1,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்களைக் கொண்டிருக்கிறது. மேகமற்ற இரவுகளையும் நகர விளக்குகளின் தொலைவையும் கருதி 1960-களின் இறுதியில் வானியலாளர்கள் தேர்ந்துகொண்ட காவலூர் இந்த மேட்டுநிலத்தில்தான் இருக்கிறது. 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இன்றும் அங்கே இயங்குகிறது. மழையை நம்பிய ஆறு ஒன்றின் பிறப்பிடத்துக்கு அருகில், மேகம் குறைவு என்பதற்காகவே ஒரு வானாய்வகம் அமைந்திருப்பது அந்த மலையின் மழைக்கணக்கைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறது.

பாறையமைப்பைப் பொறுத்தவரை இம்மலை பெரும்பாலும் சார்னோகைட் எனப்படும் கருநீலச் சாயல் கொண்ட கடும்பாறையாலும், பட்டைப் பட்டையாகத் தோன்றும் நைஸ் பாறையாலும் ஆனது. இரண்டும் நீரைத் தம் உடலுக்குள் தேக்கிவைக்காதவை. விரிசல்களிலும், பாறை சிதைந்து மண்ணாகும் மேலடுக்கிலும் மட்டுமே நீர் தங்கும். ஆகவே மலைமேல் பெய்யும் மழையில் மண்ணும் காடும் பிடித்துக்கொள்ளும் பங்கு போக மீதமுள்ளது அனைத்தும் சில மணி நேரங்களில் கீழே வந்துவிடுகிறது. உத்திர காவிரியின் குணத்தை விளக்க இந்த ஒரு செய்தியே பாதி போதும்.

மலையின் நடுவே ஒரு நீர்ப்பிரிமேடு இருக்கிறது. அதாவது, ஒருபுறம் விழும் மழை ஓர் ஆற்றுக்கும் மறுபுறம் விழுவது வேறோர் ஆற்றுக்கும் செல்லும்படி பிரித்துவிடும் உயர்ந்த நிலக்கோடு. இந்த மேட்டின் தென்புறம் இறங்கும் நீர் செய்யாறாகவும், வடபுறம் இறங்கும் நீர் அகரம் ஆறாகவும் உருவெடுத்து, இரண்டும் எதிரெதிர்த் திசையில் பள்ளத்தாக்குகளை அறுத்துச் சென்று ஜவ்வாது மலையைக் கிழக்கு, மேற்கு என இரு கூறுகளாகப் பிளந்திருக்கின்றன. செய்யாறு செங்கத்தைத் தொட்டுக் கிழக்கே திரும்பி, பின் வடகிழக்காக வளைந்து, வழியில் கமண்டல நாகநதியையும் சேர்த்துக்கொண்டு, பழையசீவரத்துக்கு எதிரே திருமுக்கூடலில் பாலாற்றை அடைகிறது. அகரம் ஆறோ மிகக் குறுகிய தூரத்தில் மாதனூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடைப்பட்ட பகுதியில் அதே பாலாற்றை அடைந்துவிடுகிறது. ஒரே முகட்டின் இருபுறமும் விழுந்த நீர் ஒன்று வேலூருக்கு மேலேயும் மற்றொன்று காஞ்சிபுரத்துக்குக் கீழேயும் ஒரே ஆற்றில் சேர்வது, பாலாறு ஜவ்வாது மலையை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதைக் காட்டும். கிழக்குச் சரிவில் அமிர்திக் காடுகளிலிருந்து இறங்கும் நாகநதியும் படவேட்டுப் பக்கம் இறங்கும் கமண்டல நதியும் கடைசியில் செய்யாற்றின் வழியே பாலாற்றுக்கே போகின்றன. மேற்கிலும் தென்மேற்கிலும் சரியும் நீரில் ஒரு பகுதி மட்டும் பாம்பாறாகித் தென்பெண்ணைக்குப் பிரிகிறது.

செய்யாறு இலக்கியத்தில் பழம்பெயர் பெற்றது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் செங்கண்மாவை ஆண்ட நன்னனின் நாட்டைப் பாடும்போது சேயாற்றையும் நவிர மலையையும் குறிக்கிறது. வடக்கே இறங்கும் அகரம் ஆற்றுக்கு அந்தப் பேறு இல்லை. ஆனால் அதற்கு வேறுவகையான ஒரு நிலவியல் நினைவு உண்டு. பள்ளிகொண்டாவில் பாலாற்றங்கரையில் உத்திர ரங்கநாதர் கோயில் கொண்டிருப்பதையும், அதற்குச் சற்று மேலே வந்து சேரும் ஆறு உத்திர காவிரி எனப்படுவதையும் சேர்த்துப் பார்த்தால், தெற்கே காவிரியும் திருவரங்கமும் கொண்டிருந்த புனித வரைபடத்தை வடபுலத்து மக்கள் தங்கள் ஆற்றின்மீது மீண்டும் வரைந்துகொண்டார்கள் என்று கொள்ள இடமுண்டு.

அணைக்கட்டு வட்டத்துக்குள் ஆற்றின் போக்கு மூன்று கட்டங்களாக மாறுகிறது. முதலாவது மலைக் கட்டம். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஆகிய மூன்று மலை ஊராட்சிகளின் மேடுகளிலும் அவற்றைச் சூழ்ந்த காப்புக் காடுகளிலும் எண்ணற்ற ஓடைகள் தோன்றுகின்றன. மழைக்காலத்தில் மட்டும் உயிர்பெறும் இத்தகைய காட்டோடைகளை வேலூர் வட்டாரத்தில் கானாறு என்பார்கள். மேட்டுநிலத்துக்கும் பாலாற்றுப் படுகைக்கும் இடையே ஏறத்தாழ 500 மீட்டர் இறக்கம் உள்ளதால், கானாறுகள் உருட்டிவரும் கற்கள் பெரியவை. இரண்டாவது பள்ளத்தாக்குக் கட்டம். மேலரசம்பட்டுப் பக்கம் மலையைவிட்டு வெளிவரும் ஆறு சட்டென வேகம் இழக்கிறது. வேகம் குறைந்த நீர் முதலில் கல்லையும், பின் பருமணலையும், கடைசியில் வண்டலையும் போட்டுவிட்டுப் போகும் என்பது எல்லா மலையாறுகளுக்கும் பொதுவான விதி. அவ்வாறு படிந்த நிலத்தில்தான் ஒடுகத்தூர், குருவராஜபாளையம், அகரம் முதலிய ஊர்களின் வயல்களும் தென்னந்தோப்புகளும் இருக்கின்றன. மூன்றாவது, பாலாற்றின் அகன்ற மணலோடு கலக்கும் கட்டம். இது குறுகியது, அதிகம் சொல்வதற்கில்லாதது.

இமயத்தின் ஆறுகளோடு ஒப்பிட்டால் இத்தகைய ஆற்றின் இயல்பு இன்னும் தெளிவாகும். கங்கையும் சிந்துவும் குளிர்காலத்தில் விழுந்த பனியைக் கோடையில் உருக்கி எடுத்துக்கொள்கின்றன. மழையில்லாத மாதங்களுக்கும் அவற்றுக்கு மலைமேல் ஒரு சேமிப்பு உண்டு. தென்னிந்தியத் தீபகற்பத்தின் கிழக்கு மலைகளில் அந்தச் சேமிப்பு இல்லை. வேலூர்ப் பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 900 முதல் 1,000 மில்லிமீட்டர். கடற்கரை மாவட்டங்களைப் போல வடகிழக்குப் பருவத்தை மட்டும் நம்பாமல், தென்மேற்குப் பருவத்து மாலை இடிமழையிலும் பெரும்பங்கைப் பெறுவது இப்பகுதியின் தனித்தன்மை. இடிமழை ஒரு குன்றின்மேல் கொட்டிவிட்டு அடுத்த குன்றை விட்டுவிடும். அதனால் உத்திர காவிரியில் ஜூன் முதல் டிசம்பர் வரை எந்த மாதமும் வெள்ளம் வரலாம். எந்த மாதமும் வறண்டும் கிடக்கலாம். அரபு நிலத்து வாடிகளையும் அமெரிக்கத் தென்மேற்கின் அரோயோக்களையும் ஆராய்ந்த நிலவியலாளர்கள் அவற்றைத் தற்காலிக ஆறுகள் என்று வகைப்படுத்துகின்றனர். ஜவ்வாது ஆறுகள் அவ்வகைக்கும் உயிராற்றுக்கும் இடைப்பட்டவை: மேலே நீர் ஓடாதபோதும் கீழே மணலுக்குள் நீர் நகர்ந்துகொண்டிருக்கும்.

இந்த மணலடி நீரே வேலூர் வட்டாரத்தின் வேளாண்மையைத் தாங்கியது. பருமணலில் துகள்களுக்கு இடையிலான வெற்றிடம் மொத்தக் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கும்; அதில் கணிசமான பகுதியை இறைத்து எடுக்கவும் முடியும். வெயிலால் ஆவியாகாத, கரை உடையாத ஓர் ஏரியை ஆறே தன் படுகையில் கட்டிவைத்திருந்தது என்று கொள்ளலாம். அதிலிருந்து நீரெடுக்க உழவர்கள் ஊற்றுக்கால்களை வெட்டினார்கள். ஊற்றுக்கால் என்பது ஆற்றின் சரிவைவிடக் குறைந்த சரிவில் மணலுக்குள் அறுத்துச் செல்லப்படும் வாய்க்கால். சற்றுத் தூரம் சென்றதும் அதன் அடிமட்டம் கரையோர வயலின் மட்டத்துக்கு வந்துவிடும், ஏற்றமோ கவலையோ இல்லாமல் நீர் தானே பாயும். ஆண்டுதோறும் வெள்ளம் அதைத் தூர்த்துவிடும். ஆண்டுதோறும் ஊர் கூடி மீண்டும் வெட்டும். மேலே ஓடும் வெள்ளத்தைப் பிடிக்க ஏரிகள் இருந்தன. ஓர் ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். 1858-இல் வாலாஜாபேட்டை அருகே பாலாற்றின் குறுக்கே அணை கட்டிய பொறியாளர்கள் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி முதலிய பெரிய ஏரிகளுக்கு நீரை உறுதிப்படுத்த முயன்றபோது, புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பல்லவர் காலம் தொட்டு இருந்த ஏற்பாட்டின் தலைவாசலைக் கெட்டிப்படுத்தினார்கள்.

இனி, இந்த ஆறு ஆய்வுகளில் ஏன் பின்னே தள்ளப்பட்டது என்ற கேள்வி. வடாற்காடு மாவட்டத்தைப் பற்றி ஆர்தர் காக்ஸ் 1881-இல் வெளியிட்டு, ஹெரால்டு ஸ்டூவர்ட் 1890-களில் திருத்திய கையேடு, ஆங்கில ஆட்சியின் வழக்கப்படி, வரி வரும் இடத்தைப் பின்தொடர்ந்தது. வரி ஏரிப்பாசனத்திலிருந்து வந்தது. மலையிலிருந்து வந்ததோ காட்டுப் பொருள் வருமானம் மட்டுமே. அதன் பின் எல்லைப் பூசல் வந்தது. சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் இடையே 1892-இல் ஏற்பட்ட உடன்படிக்கை, மைசூர் தன் எல்லைக்குள் புதிய பாசன அணைகளைச் சென்னையின் இசைவின்றிக் கட்டக்கூடாது என்று விதித்த ஆறுகளின் வரிசையில் பாலாற்றையும் சேர்த்தது. 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியைப் பாழாக்கியபோது, பாலாற்றின் நன்மையும் தீமையும் மேற்கிலிருந்தே வரும் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. குப்பம் அருகே அணை கட்ட ஆந்திர அரசு முன்வந்ததை எதிர்த்து 2006-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. புல்லூர்ப் பக்கத்துத் தடுப்பணைகளின் உயரம் கூட்டப்பட்ட 2016-இலும் அதே பூசல் எழுந்தது.

இப்பூசல்களில் தமிழ்நாட்டின் வாதம் நியாயமற்றது என்பதல்ல. ஆனால் பாலாற்றின் 348 கிலோமீட்டரில் 93 கிலோமீட்டர் கர்நாடகத்திலும் 33 கிலோமீட்டர் ஆந்திரத்திலும் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் உள்ளது. வடிநிலத்தில், அதாவது மழைநீர் வடிந்து ஆற்றுக்கு வரும் மொத்த நிலப்பரப்பில், பாதிக்கு மேற்பட்டது தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. நந்தி மலையருகே பிறக்கும் நீர் கோலார்ச் சமவெளியின் ஏரித்தொடர்களைத் தாண்டி வருவது பெருமழை ஆண்டுகளில்தான். வடகரையில் சேரும் கௌண்டின்ய நதி, மலட்டாறு, பொன்னை ஆகியவற்றின் தலைநீரும் பெரும்பாலும் ஆந்திரத்துக் குன்றுகளைச் சார்ந்தது. தென்கரையில் ஜவ்வாது மலையிலிருந்து சேர்பவையோ தலை முதல் கால் வரை தமிழ்நாட்டுக்கு உரியவை. 2021 நவம்பரில், 1903-க்குப் பிறகு மிகப் பெரியது என்று பேசப்பட்ட வெள்ளம் பாலாற்றில் ஓடியபோது மேற்கு எல்லையைப் போலவே தென்கரைக் கானாறுகளும் நிறைந்து ஓடின. பூசலுக்கு இடமில்லாத நீரைப் பற்றி எவரும் வழக்குத் தொடர வேண்டியதில்லை. அதனாலேயே எவரும் அதைக் கவனிக்கவுமில்லை.

மலையையும் சமவெளியையும் இணைத்தது நீர் மட்டுமன்று. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று தம் மரபைச் சொல்லிக்கொள்ளும் தமிழர்கள், கேரளத்தோடு தொடர்பில்லாதவர்கள்) சமவெளிச் சந்தைக்குச் சாமையும், தேனும், புளியும், கடுக்காயும் இறக்கினார்கள். கடுக்காய்க்கு இங்கே தனி இடம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களின் தோல் மண்டிகள் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிவரை ஆவாரம் பட்டையும் கொன்றைப் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்தின. காட்டின் துவர்ப்பே தோல் தொழிலின் மூலப்பொருளாக இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி முழுப்பதத் தோலை ஊக்குவிக்கும் கொள்கையை ஒன்றிய அரசு மேற்கொண்ட பின் குரோமியப் பதனீடு பரவியது. மலைக்கும் மண்டிக்கும் இருந்த பழைய உறவு அதோடு தளர்ந்து, இரண்டுக்கும் பொதுவானதாக எஞ்சியது ஆறு ஒன்றே.

அந்த ஆற்றுக்கு நேர்ந்தது நன்கு அறியப்பட்டது. குரோமியத்தைப் பற்றியே அதிகம் பேசப்பட்டாலும், நிலத்தடி நீரைக் கெடுத்ததில் உப்பின் பங்கு அதற்குக் குறைந்ததன்று: கெடாமலிருக்க உப்பிட்டு வந்த தோலைத் தொட்டியில் ஊறவைத்துக் கழுவும் முதல் நீரிலேயே உப்பின் பெரும்பகுதி இறங்கிவிடுகிறது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் குரோமியத்தைப் படியவைக்க முடிந்த அளவுக்குக் கரைந்த உப்பைப் பிரிக்க முடியவில்லை. 1996 ஆகஸ்டு 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாததாகிவிட்டது என்ற மதிப்பீட்டை எடுத்துரைத்து, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் பாலாற்றுத் தோல் தொழில் மாசு குறித்து மீண்டும் ஆணைகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது.

நிலவியல் நோக்கில் இங்கே ஒரு செய்தி கவனத்துக்குரியது. வாணியம்பாடியும் ஆம்பூரும் உத்திர காவிரியின் கூடுமிடத்துக்கு மேலே உள்ளன. வேலூர் நகரமும் அதன் குடிநீர்க் கிணறுகளும் கீழே உள்ளன. பெரிய தோல் தொழிற்கூட்டம் எதுவும் இல்லாத பள்ளத்தாக்கிலிருந்து வரும் இந்த மலைநீர், மாசுபட்ட படுகைக்கும் வேலூருக்கும் நடுவில் சேர்கிறது. உப்பை நீக்கும் செலவுமிக்க வழிகளைப் பற்றிப் பேசும் அறிக்கைகள், உப்பை நீர்க்கச் செய்யும் நன்னீர் எங்கிருந்து வரும் என்று கேட்பதில்லை. நடந்தது வேறு: 2010-களில் மேட்டூர்ப் பக்கத்துக் காவிரி நீர் குழாய் வழியே வேலூருக்கும் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் கொண்டுவரப்பட்டது. உத்திர காவிரிக் கரையின் மாவட்டம் உண்மைக் காவிரியைக் குடிக்கத் தொடங்கியது.

ஆற்றின் தலைப்பகுதி இத்தனை நாள் கவனத்துக்கு வராததற்கு அதன் தொலைவும் காரணம். வேலூர் நகரிலிருந்து காக்கை பறக்கும் தூரம் பெரிதல்ல. ஆனால் சாலை இல்லாத மலை எப்போதும் தொலைவில்தான் இருக்கும். 2023 மே மாதம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய ஒரு குழந்தை உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படாமல் இறந்ததும், சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதிவழியில் நின்றுவிடப் பெற்றோர் உடலைச் சுமந்து நடக்க நேர்ந்ததும் நாடு முழுவதும் செய்தியான பிறகே மலைச்சாலைப் பணிகள் வேகம் கொண்டன. அந்தச் சாலைகள் தேவை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் கானாறுகளைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஒவ்வொரு சாலைக்கும் போதிய அகலத்தில் சிறுபாலம் இல்லாவிட்டால் சரிவு அரிக்கப்பட்டு, ஆற்றுக்கு வரும் நீரோடு மண்ணும் மிகும். சரிவான கொத்துக்காட்டில் சாமை விதைப்பதால் ஏற்படும் அரிப்பைப் பற்றி வனத்துறை நெடுங்காலம் குறைசொல்லி வந்திருக்கிறது; சாலை வெட்டின் அரிப்பு அதனினும் குறைந்ததாக இராது.

ஆற்றை என்ன செய்யலாம் என்பது பற்றி இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, ஆறு மலையைவிட்டு வெளிவரும் மேலரசம்பட்டில் அணை கட்டுவது. இது பள்ளத்தாக்கு உழவர்களின் நெடுநாள் கோரிக்கை. அண்டை ஆறுகளில் அதற்கு முன்மாதிரிகள் உண்டு: செங்கத்துக்கு அருகே செய்யாற்றில் குப்பநத்தம் அணை, படவேட்டுக்கு அருகே கமண்டல நதியில் செண்பகத்தோப்பு அணை, குடியாத்தத்துக்கு மேலே மோர்தானா அணை. இவை வெள்ளத்தைப் பிடிக்கின்றன. ஆனால் கடும்பாறைச் சரிவில் வேகமாக இறங்கும் ஆறு கொண்டுவரும் மணலையும் சேர்த்தே பிடிக்கின்றன. கீழ்ப்படுகைக்கு மணல் வராவிட்டால், ஏற்கெனவே மணற்கொள்ளையால் பாறைவரை சுரண்டப்பட்ட பாலாற்றில் நீரைத் தாங்கிய சேமிப்பு மீண்டும் உருவாகாது. காப்புக் காட்டு நிலம் மூழ்குமானால் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசின் ஒப்புதலும் வேண்டும்.

மற்றொன்று நாகநதியில் 2014 முதல் செய்துபார்க்கப்பட்ட வழி. அங்கே ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ், பெரும்பாலும் பெண்களே உழைத்து, ஆற்றுக்கு நீர் கொண்டுவரும் சிற்றோடைகளின் படுகையில் கற்தடுப்புகள் அமைத்து, அவற்றின் அருகே சிமெண்ட் உறைகள் இறக்கிய உறிஞ்சு கிணறுகளை ஆயிரக்கணக்கில் தோண்டினார்கள். ஓடையில் தேங்கும் நீர் அந்த உறைகள் வழியே மேல்மண்ணைக் கடந்து, சிதைந்த பாறையடுக்குக்குள் இறங்குகிறது. பிரதமரின் வானொலி உரையில் 2021 செப்டம்பரில் அது பாராட்டப்பட்டதால் பெயர் பெற்றது. பாராட்டைவிட அதன் வேலைமுறை கவனிக்கத்தக்கது. ஆறு தன் மணலில் செய்துவந்த சேமிப்பை, மணல் போன பின், பாறையின் விரிசல்களில் செய்யவைக்கும் முயற்சி அது. மேல்மழை பொய்த்த ஆண்டில் அதனால் நீரை உண்டாக்க முடியாது. நல்ல மழை ஆண்டின் நீரை அடுத்த கோடைவரை கிணறுகளில் நீட்டிக்க முடியும்.

உத்திர காவிரியின் வடிநிலம் நாகநதியின் வடிநிலத்துக்கு மேற்கே அடுத்தே இருப்பது. பாறையும் மழையும் சரிவும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே அங்கே கண்டது இங்கேயும் செல்லும் என்று எதிர்பார்க்கலாம், ஒரு வேறுபாட்டோடு: நாகநதியின் தலையோடைகளில் பெரும்பகுதி மனிதர் வாழாத காட்டில் இருக்க, உத்திர காவிரியின் தலையோடைகள் பீஞ்சமந்தை போன்ற ஊராட்சிகளின் சாமைக் காடுகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஓடுகின்றன. அங்கே தோண்டப்படும் கிணறு எதுவும் முதலில் மலைமேல் உள்ளவர்களின் கோடைக் குடிநீருக்கு உதவ வேண்டும். ஒடுகத்தூர் வயலுக்கும் வேலூர்க் குழாய்க்கும் உரிய பங்கு அதன் பின் வருவது. ஒரே வடிநிலத்தின் மேல்பாதியை வனத்துறையும், நடுப்பகுதியை ஊராட்சி ஒன்றியமும், ஏரிகளையும் படுகையையும் நீர்வளத் துறையும் தனித்தனிக் கோப்புகளில் வைத்திருக்கும் இன்றைய ஏற்பாட்டில் இந்த முன்பின் வரிசையை முடிவு செய்யும் அதிகாரம் எந்த அலுவலகத்திடமும் இல்லை.